கபிலனின் கூடுதல் தாள்கள்

நல்ல கோல்கீப்பர் கிடைப்பதும் நல்ல மாமியார் கிடைப்பதும் ஒன்றுதான், பதுருன்னிசா மேடம். இரண்டில் ஒன்றுதான் எனக்கு வாய்த்தது. அவன் பெயர் கபிலன்.

இந்தப் பாலிடெக்னிக்கில் பன்னிரண்டு வருடமாகப் புள்ளியியல் எடுக்கிறேன். மாலையில் கால்பந்துக் குழுவுக்குக் கோச். கோச் அம்பிகைபாகன் என்றால் சிங்கப்பூரில் ஆங் மோ கியோ வட்டாரக் காப்பிக்கடையில்கூட என்னைத் தெரியும். ஐந்து கோப்பை. கபிலன் வருவதற்கு முன் எத்தனை என்று கேட்காதீர்கள். நீங்கள் விசாரணை அதிகாரி, கேட்டாலும் கேட்பீர்கள். ஒன்றுமில்லை.

மூன்றாம் வருடத்தோடு அவன் படிப்பு முடிந்திருக்க வேண்டியது. பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்திருந்தது. பிள்ளைகளுக்கு எதிலும் அவசரம். விடைத்தாளோடு அவன் கட்டியிருந்த கூடுதல் தாளை உருவிவிட்டேன். ஒரு தாள்தான். ஃபெயில். அந்தப் பாடத்தை மறுபடி எழுத ஒரு வருடம் இருக்க வேண்டும். இருந்தான். கோப்பையும் இருந்தது.

அடுத்த முறை வெறியோடு படித்திருந்தான். இரண்டு தாளை உருவ வேண்டியதாயிற்று. ஒரு வருடம் தள்ளிவைத்திருந்த பல்கலைக்கழக இடமும் கைவிட்டுப் போனது. அழுதான். நான்தான் தோளைத் தட்டி மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். அந்த வருட இறுதியாட்டத்தில் இரண்டு பெனால்டியைப் பிடித்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவன் அப்பா தனசேகரன் பஸ் ஓட்டுநர் சீருடையோடு வந்தார். தேக்காவில் வாங்கிய லட்டுப் பெட்டியை என் கையில் வைத்தார்.

"சார், நீங்க டியூஷன் சொல்லிக் குடுக்கலன்னா இவன் எப்பவோ படிப்ப விட்டிருப்பான் லா."

"கணக்கு அவனுக்குக் கொஞ்சம் ஏறாது. பரவால்ல," என்றேன்.

கபிலன் பக்கத்தில்தான் நின்றான். ஆமாம் என்று தலையாட்டினான். லட்டு நன்றாக இருந்தது.

தாள்களை ஏன் தூக்கி எறியவில்லை என்று கேட்டீர்கள். என் அலமாரியில் நீங்கள் எடுத்த மூன்றும் அவனுடையவைதான். அவ்வளவு அழகான கையெழுத்து. கிழிக்க மனம் வரவில்லை. விடைகளைப் பார்த்தீர்களா? ஒன்றுகூடத் தப்பில்லை.

ஆனால் இந்த வருடம் நான் எதையும் தொடவில்லை. மூன்றாம் முறையும் தவறினால் படிப்பைவிட்டே நீக்கிவிடுவார்கள். அது எனக்குத் தெரியாதா? பையன் தேறிப் போகட்டும் என்றுதான் இருந்தேன். விடைத்தாள் கட்டைப் பிரித்துப் பார்த்தால், பெயரை மட்டும் எழுதி வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அந்த ஃபெயிலுக்கு நான் பொறுப்பில்லை, மேடம். அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.