கோலப்பன் அண்ணாச்சி வாசித்துச் சொன்னது

மேடம், உங்கள் ஆபீஸ் சாயா நன்றாக இருக்கிறது. தம்பானூரில் இப்போது இத்தனை கடுப்பமாக யாரும் போடுவதில்லை. சீனிதான் ஒரு பொடி கூடுதல். சரி, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

பெயர் கோலப்பன். வயது ஐம்பத்தொன்பது. ஹோட்டல் சிப்பந்திகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிறேன். தம்பானூர் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பன்னிரண்டு வீட்டு லைனில் முதல் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். மற்ற பதினொன்றிலும் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். கட்டட வேலை, ஹோட்டல் வேலை, கடை வேலை. என்னை அண்ணாச்சி என்பார்கள். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அந்தக் குறை தெரியாமல்தான் வைத்திருந்தார்கள்.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு வீட்டில்தான் அடுப்பு எரியும். முறை வைத்து, அந்த வீட்டுக்காரர்கள் மொத்த லைனுக்கும் ஆக்கிப் போடுவார்கள். பால்பாண்டி வீட்டு மீன்குழம்பை நீங்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், கை மணப்பது திங்கட்கிழமைதான் போகும். என் முறைக்குப் பாயசம் மட்டும் நான் வைப்பேன். சோறும் குழம்பும் பால்பாண்டி பெண்டாட்டி கௌசல்யா பார்த்துக்கொள்வாள். சாப்பிட்டு முடித்ததும் அவரவர் கடுதாசியைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார்கள். கரண்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, எல்லாக் காகிதமும் மலையாளம். நான் பாறசாலையில் பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவன். பிள்ளைகளுக்கும் வாசிக்க வரும்தான், ஆனாலும் அண்ணாச்சி வாசித்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை.

போன வருஷம், எங்களிடம் வாடகை வாங்கும் வீட்டுக்காரர் வந்தார். சுவரெல்லாம் ஊறிப்போய் நிற்கிறது, அடுத்த மழைக்குள் காலி பண்ணுங்கள், இடித்து இடத்தை விற்கப்போகிறேன் என்றார். லைன் முழுக்க ஒரே அழுகை. அப்போதுதான் வீடில்லாதவர்களுக்காக மலயின்கீழ் பக்கம் அரசாங்கம் கட்டும் புது ஃப்ளாட்டுக்கு நீங்கள் மனு வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். பதினொரு மனுவையும் நானே உட்கார்ந்து எழுதினேன். பகலில் லைனில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் தபாலுக்கு என் விலாசம், போனுக்கு என் நம்பர். பன்னிரண்டாவது மனு எழுதவில்லை. தனியாளுக்கு வீடு கிடையாது என்று உங்கள் விதியில் இருக்கிறது. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை.

பிப்ரவரியில் பதினொரு கவரும் ஒரே நாளில் வந்தன. எல்லாருக்கும் வீடு, ஆளுக்கொரு பிளாக்கில். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் மேடம். மிஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அப்புறம் சுவரில் காலண்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாகச் சிவப்பில் இருந்தன.

அந்த ஞாயிறு எல்லார் முன்னாலும் வாசித்தேன். மனு பரிசீலனையில் இருக்கிறது, முடிவு தெரியும் வரை இப்போதிருக்கும் வீட்டிலிருந்து யாரும் போக வேண்டாம், யாரும் இவர்களைக் கிளப்பவும் கூடாது என்று வாசித்தேன். கடுதாசியில் அப்படி இல்லை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பால்பாண்டி ஓடிப்போய் ஜிலேபி வாங்கி வந்தான். கௌசல்யா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க வாசிச்சா நல்லதுதான் வருது அண்ணாச்சி," என்றாள்.

எனக்கே கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்காரரும் அரசாங்கக் கடுதாசி என்றதும் காலி பண்ணச் சொல்வதை விட்டுவிட்டார். பாவம், வம்பு தும்புக்குப் போகாத மனுஷன். பதினொரு குடும்பம் அன்றைக்கு நிம்மதியாகப் படுத்துத் தூங்கியது.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் சாவி வாங்க வரச்சொல்லி மறுபடி கடுதாசி வந்தது. அதையும் முந்தின மாதிரியே வாசித்தேன். ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை மேடம், அடுத்தவர் கடுதாசியைக் கிழிப்பது தப்பு. பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஜூன் மழையில் பால்பாண்டி வீட்டுப் பின்சுவர் விழுந்தது. அன்றைக்கு ஞாயிறு, அவர்கள் முறை. கௌசல்யா லைனுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, இனி நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மே மாதமே சாவி வாங்கியிருந்தால் அவள் புது வீட்டில் நல்லபடியாக இருந்திருப்பாள் என்று சற்றுமுன் சொன்னீர்கள். இருந்திருப்பாள்தான். ஆனால் அங்கே வழுக்கி விழுந்தால் யார் வந்து தூக்குவது? இங்கே நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினோம். ஆட்டோ பிடித்தது நான். ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோவதும் நான்தான்.

"அந்த வீடு எப்பம் அண்ணாச்சி கெடைக்கும்?" என்று நேற்றுக்கூடக் கேட்டாள்.

"கடுதாசி வரட்டும் பிள்ள, வந்த ஒடனே வாசிச்சுச் சொல்லுதேன்," என்றேன். அந்த வலியிலும் சிரித்தாள். தங்கமான பெண்.

பதினொரு மனுவிலும் ஒரே போன் நம்பர் இருப்பதைக் கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டது உங்கள் சாமர்த்தியம். ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். அவர்கள் ஆளுக்கொரு மூலையாகச் சிதறிப்போகக் கூடாது என்று செய்தேன். எனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை.

இதுதான் கடைசி நோட்டீஸ் என்கிறீர்கள். பதினைந்து நாளுக்குள் வராவிட்டால் பதினொரு வீடும் லிஸ்ட்டில் அடுத்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்கிறீர்கள். நேரில் வந்து கொடுப்பதாகச் சொல்கிறீர்கள். உங்களுக்கு எதற்கு மேடம் அந்தச் சிரமம்? பகலில் வந்தால் லைனில் ஒருவரும் இருக்க மாட்டார்கள், எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். என்னிடமே கொடுத்துவிடுங்கள். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, என் முறை. பாயசம் வைத்து, எல்லாரையும் உட்காரவைத்து, நானே வாசித்துச் சொல்லிவிடுகிறேன்.