காட்டாத கை

நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் காலையில் எண்ணெய்ப் பலகாரம் தின்னக் கூடாது என்பது என் நெடுநாளைய கருத்து. இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், ஒரு குவளை வெந்நீர். உடம்புக்கு இவை போதும். இதைத் துண்டறிக்கையாகவே அச்சிட்டு வழியெங்கும் வழங்கியிருக்கிறேன். எங்கள் கழகத்தில் பன்னிரண்டு பேர். ஞாயிறுதோறும் விடியலில் சித்தூரில் புறப்படுவோம், பாகாலாவில் சிற்றுண்டி, பிறகு திருப்பதி. அந்தப் பன்னிரண்டு பேரில் ஹரிபாபு மட்டும் பாகாலாவில் வடைதான் தின்பார். நான் பார்க்கும்படி நின்று தின்பார்.

என் பெயர் சந்திரசேகர். கழகத்தின் செயலாளர். முப்பது ஆண்டுகள் மேடை கண்டவன். வரதட்சிணையை எதிர்த்தும், குடியை எதிர்த்தும், சாதிக்கொரு சுடுகாடு என்ற கொடுமையை எதிர்த்தும் ஆந்திர எல்லையின் இரு புறத்திலும் முழங்கியிருக்கிறேன். ஒழுங்கில்லாத மக்களுக்கு விடுதலை இல்லை என்பதே அத்தனை முழக்கங்களின் சாரம். ஆகவே கழகத்துக்கு விதிகள் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது இயல்பானது.

அவற்றுள் ஒரு விதியை நீங்கள் அறிய வேண்டும். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக நெருங்கி ஓட்டுவோம். முன்னவரின் முதுகைத் தவிர எவருக்கும் எதுவும் தெரியாது. முதலில் செல்பவர் பள்ளத்தைக் கண்டால் வலது கையைத் தாழ்த்திச் சுட்ட வேண்டும். அடுத்தவர் அதைக் கண்டு தானும் சுட்ட வேண்டும். அப்படியே கடைசி ஆள் வரை. கூவுதல் கூடாது, லாரி இரைச்சலில் சொல் சிதைந்துவிடும். ஒரு கை நின்றால் அதற்குப் பின்னால் இருப்பவர்கள் அனைவரும் குருடர்கள்.

கடந்த மார்ச் மாதம் ஒரு ஞாயிறு. முன்னால் ரமணா. நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பிள்ளை. சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலையொன்றில் ஃபிட்டர். இரண்டாவது நான். மூன்றாவது ஹரிபாபு. அவருக்குப் பின் சாய்குமாரும் மற்றவர்களும். பாகாலாவைத் தாண்டிய இறக்கத்தில், குழாய் பதிக்க வெட்டிய பள்ளத்தை யாரோ மூடாமல் விட்டிருந்தார்கள். ரமணா விலகினார். நான் விலகினேன். ஹரிபாபுவின் முன்சக்கரம் அதில் இறங்கியது. அவர் வலப்புறம் சாலைக்குள் எறியப்பட்டார். பின்னால் ஒரு டிப்பர் லாரி வந்துகொண்டிருந்தது.

துயரத்தில் கழகம் இரண்டாகப் பிளந்தது. சாய்குமார் தரப்பின் வாதம் எளியது. "எனக்கு யாரும் கை காட்டல. ஹரிக்கும் காட்டல. அப்போ முன்ன போனவன்தான காட்டாம போய்க்கினு இருந்தான்?" ரமணா தான் காட்டியதாகச் சத்தியம் செய்தார். ரமணாவின் கையைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தவன் நான் ஒருவனே. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ரமணாவின் மேல் ஒரு சொல் குற்றம் நான் சொல்ல மாட்டேன். அவரும் மனிதர்தாம்" என்றேன். அதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூட எவராலும் எடுத்துக்காட்ட இயலாது. மாலைக்குள் ரமணாவோடு பேச ஆளில்லாமல் போயிற்று.

கழகம் சிதைவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. தவறான புரிதல் ஒன்று இருந்தால் அதைத் தீர்த்து வைக்க வேண்டியவர் செயலாளர். ரமணாவின் வீட்டுக்கு மூன்று மாலைகள் சென்றேன்.

"காட்டினேண்ணா. கைய நல்லா எறக்கித்தான் காட்டினேன்" என்றார் முதல் மாலையில்.

"எந்தக் கை?"

"வலது கை."

"அந்தக் கையில பாட்டில் இருந்துச்சே ரமணா. எறக்கத்துல தண்ணி குடிச்சிக்கினு வந்தியே."

அவர் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தார். "குடிச்சனா?"

நான் வற்புறுத்தவில்லை. அதிர்ச்சியில் நினைவு தடுமாறுவது இயற்கை என்று மட்டும் விளக்கினேன். இரண்டாம் மாலையில், குடித்திருக்கலாம் என்றார். மூன்றாம் மாலையில், பாட்டில் கைதவறப் பார்த்தது என்றும், அதைப் பிடிப்பதில் கவனம் போய்விட்டது என்றும் அவரே எனக்குச் சொன்னார். அன்று அவர் தண்ணீர் குடிக்கவில்லை. பாட்டில் வண்டியின் தண்டில் அதற்குரிய கூண்டிலேயே இருந்தது.

சித்தூரில் சடங்குகளற்ற இரங்கல் கூட்டம் ஒன்றைக் கூட்டினேன். ரமணா எழுந்து எல்லோர் முன்னிலும் ஒப்புக்கொண்டார். ஹரிபாபுவின் மனைவி சுமித்ராவின் காலில் விழுந்தார். அந்த அம்மையார் அவரைத் தூக்கி நிறுத்தினார். "எழுந்திருண்ணா. வேணும்னேவா செஞ்ச?" சாய்குமார் ஓடிவந்து கட்டிக்கொண்டார். அடுத்த ஞாயிறு நாங்கள் பதினொருவரும் மீண்டும் ஒரே வரிசையில் ஓட்டினோம். பொதுவாழ்வில் நான் செய்த நற்பணிகளில் அதற்கு ஓர் இடம் உண்டு என்றே அன்று எண்ணினேன்.

ஒரு மாதம் கழித்து ரமணாவின் மனைவி அகிலா என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, அவரு அந்தக் கையால துன்ன மாட்டேங்கறாரு. இடது கையால துன்னுக்கினு இருக்காரு. புள்ளைங்க பாத்து அழுவுதுங்க. ஸ்பேனரத் தொட மாட்டேன்னு டூட்டிக்கும் போவல." மேலும் சொன்னார்: "நீங்க சொன்னா கேப்பாரு. நீ கை காட்டின, நான் பாத்தேன்னு சொல்லுங்கண்ணா. பொய்யா இருந்தாலும் பரவால்ல."

போனேன். சொன்னேன். "ரமணா, நீ காட்டின. நான் பாத்தேன். நான்தான் பின்னால காட்டல."

அவர் சிரித்தார். கழகம் பிளந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "அகிலா வந்து அழுதாளா? என்மேல இருக்கற பிரியத்துல சொல்றீங்கண்ணா. பாட்டிலு எனக்குக் கண்ணுலயே நிக்குது. விதி எழுதின ஆளு நீங்க. நீங்க காட்டாம இருப்பீங்களா?"

சாய்குமாரிடம் சொன்னேன். "எல்லார் பாரத்தையும் நீங்களே தூக்கினா எப்படிண்ணா? அதுக்குத்தான் நீங்க லீடரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சுமித்ராவிடம் சொன்னேன். "ரமணா அண்ணனுக்காக நீங்க பொய் சொல்லாதீங்க. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றார். முப்பது ஆண்டுகள் பேசிப் பேசிக் கட்டிய நம்பிக்கைக்குள் நானே அகப்பட்டிருந்தேன். எந்தப் பக்கம் தட்டினாலும் சுவர் என்னையே புகழ்ந்தது.

ஏன் காட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்று காலை பாகாலாவில் தேநீர்க் கடை முன் நின்றவர்களுக்குத் தலைக்கவசத்தின் தேவையைப் பற்றி எடுத்துரைத்துக்கொண்டிருந்தேன். ஹரிபாபு வடையும் கையுமாக வந்தார். "சாலு அண்ணா, போதும். நீ பேசிக்கினு இருந்தா நாம போறதுக்குள்ள திருப்பதியே எழுந்து சித்தூருக்கு வந்துடும்." எல்லோரும் சிரித்தார்கள். தேநீர்க்காரரும் சிரித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலைந்து போனார்கள். கல்லெறியும் சாணியெறியும் கண்டவன் நான். ஒரு சிரிப்பைப் பொருட்படுத்துகிறவன் அல்லன். காதால் கற்காதவர் முழங்காலால் கற்கட்டும் என்று கருதினேன், அவ்வளவுதான். சிறு சிராய்ப்பு. ஒரு வாரம் படுக்கை. பழங்களோடு சென்று பார்த்திருப்பேன். அவரிடம் பேச வேண்டிய முதல் வாக்கியத்தைக்கூட அந்த இறக்கத்திலேயே அமைத்துவிட்டேன். ரமணாவின் கை தாழ்ந்தது. பழக்கத்தால் என் வலது கையும் கைப்பிடியை விட்டு எழுந்தது. அதை மீண்டும் கைப்பிடியில் வைத்தேன்.

சென்ற ஞாயிறு திருப்பதியில் ஒரு மண்டபத்தில் நினைவுக் கூட்டம். அவ்வூர் மிதிவண்டிக்காரர்களும் வந்திருந்தார்கள். ரமணாவை எப்படியும் விடுவித்துவிடுவது என்ற முடிவோடு மேடை ஏறினேன். "ரமணா காட்டினார். நான் கண்டேன். கண்டும் நான் காட்டவில்லை" என்றேன். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்களைத் துடைத்தார்கள். முன்வரிசையில் ரமணா, வலது கையை மடியில் துண்டால் மூடிக்கொண்டு, என்னை நன்றியோடு பார்த்தார்.

அவர்களை நம்ப வைக்கும் வாக்கியம் ஒன்று என்னிடம் மீதம் இருந்தது. அந்த இறக்கத்தில் ரமணாவின் கை தாழ்வதற்கு முன்பே பின்னால் டிப்பரின் ஹாரன் எனக்குக் கேட்டது. இரண்டு முறை. எவ்வளவு அருகில் வருகிறது என்பதை நான் அறிந்தேன். என் கையைத் திரும்ப வைத்தபோதும் அது ஒலித்துக்கொண்டிருந்தது. பிறரைக் காப்பாற்ற எந்த நல்லவனும் இப்படியொன்றைப் புனைய மாட்டான். ஆதலால் ரமணாவே நம்பியிருப்பார். கனமான வாக்கியம் கடைசியில் வர வேண்டும் என்பதால் அதைப் பின்னுக்கு வைத்திருந்தேன்.

கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தேன். நெடுநேரம் ஓயவில்லை. உச்சத்தில் நிறுத்துவதே பேச்சுக்கு அழகு. வணக்கம் சொல்லி இறங்கினேன். அந்த ஒரு வாக்கியத்தை ரமணாவுக்காக அடுத்த கூட்டத்தில் கட்டாயம் சொல்லிவிடுவேன்.