பேர் வைக்காத ஒரு வரி

யசோதினி: தொட்டுறாதீங்க அஜந்தன். மொடலோட பயிற்சி முடிஞ்சிருச்சு. இனி சேவ் பண்றதுதான்.

அஜந்தன்: ஆறு மணித்தியாலமா ஓடினது... ஏன் முகம் இப்பிடிப் போகுது?

யசோதினி: அதே எரர். மொடல் சேவ் ஆகல.

அஜந்தன்: மூண்டாந்தரம். நாலு மணிக்கு எங்களுக்குப் படிப்பிக்கிற சேர் வந்து பைலைக் கேப்பார். இல்லாட்டி எங்கட ஒரு வருச வேலை அவ்வளவுதான்.

யசோதினி: அதுக்குள்ள கரண்ட் போனா எல்லாமே போச்சு. ஹந்தானை மலைப் பக்கம் இருட்டிக்கிட்டு வருது.

அஜந்தன்: பொறும். மொடலுக்கு ஒழுங்கா விளங்குதோ எண்டு முதல்ல அடிச்சுப் பாரும். 'நாளைக்கு ரெண்டு பேர் ஹேவாஹெட்ட போறோம்.'

யசோதினி: நாளை, ஹேவாஹெட்ட, ரெண்டு டிக்கட், ஒருவழின்னு காட்டுது.

அஜந்தன்: மனுசர் கதைக்கிறதை டிக்கட்டா மாத்துறதில குறையில்லை. அப்ப எரரை வாசியும்.

யசோதினி: நீளமா இருக்கு...

அஜந்தன்: கடைசி வரி போதும்.

யசோதினி: பேர் வைக்காத ஃபங்ஷன், அதான் ஒரு குட்டிக் கட்டளை, உள்ள இருக்காம். அத சேவ் பண்ண முடியாதாம்.

அஜந்தன்: நான் அப்பிடி ஒண்டும் எழுதேல்லையே. நீரோ?

யசோதினி: ஒரே ஒரு வரி. நீங்க பயிற்சிக்கு எழுதின வாக்கியம் ஒண்ணு தப்பு. அதுக்காக...

அஜந்தன்: எது?

யசோதினி: 'யாழ்ப்பாணம் போயிட்டு வாறன்.' ஒருவழின்னு குறிச்சிருந்தீங்க.

அஜந்தன்: ஓம். எங்கட ஆக்கள் வெளிக்கிடேக்க 'போறன்' எண்டு சொல்லமாட்டினம். அது சும்மா சொல்லுறது.

யசோதினி: எங்க வீட்லயும் அப்படித்தான். ஆனா வர்றேன்னு சொன்னா வரணும்ல. ரிட்டர்ன் டிக்கட் போட வச்சேன்.

அஜந்தன்: மட்டக்களப்பு போயிட்டு வாறன் எண்டால்?

யசோதினி: ...ஒருவழி.

அஜந்தன்: வவுனியா?

யசோதினி: ஒருவழிதான்.

அஜந்தன்: கெட்டிக்காரி. யாழ்ப்பாணத்துக்கு மட்டும் சட்டம்.

யசோதினி: வெள்ளிக்கிழமை அங்க வேலைக்குப் போறவரு நீங்க. சிரிக்காம வழிய சொல்லுங்க.

அஜந்தன்: அந்த வரிக்கு ஒரு பேர் வையும். சேவ் ஆகும்.

யசோதினி: வச்சாச்சு... ஓடுது... ஆகிருச்சு.

அஜந்தன்: என்ன பேர்? கையை எடும், பார்ப்பம்.

யசோதினி: வேணாம்.

அஜந்தன்: 'அஜந்தன்_வரணும்'... சேர் இதை வாசிப்பார், தெரியும்தானே?

யசோதினி: மாத்திடுறேன். நீங்க போறதுக்குள்ள மாத்திடுறேன்.

அஜந்தன்: ஆறுதலா மாத்தும். அந்த வேலை வேண்டாமெண்டு போன கிழமையே எழுதிப் போட்டன். 'போகாதீங்க' எண்டு நீர் ஒரு சொல்லு சொல்லுவீரெண்டுதான் இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தனான்.