கண் கலங்காத பிளம்பர்

— பிளம்பர்ங்கிற. சரி. வீட்டுக்குள்ள போடுற பஞ்சுச் செருப்போட எந்த ஊர்ல ராசா குழாய் பாக்குறாங்க?

— மன்னிக்கணும்மா. தரை அழுக்காயிடக் கூடாதுன்னுதான். டூரின்ல நாங்க அப்படித்தான்.

— மொதல்ல இந்த 'அம்மா'வை விடு. நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு, சவேரியா. அவ எங்க?

— மன்னிக்கணும் மேடம். ஆஸ்பத்திரியில அவங்களுக்கு இன்னிக்குக் காலை ஷிப்ட்... அப்படின்னு சாவி குடுக்கும்போது சொன்னாங்க.

— பிளம்பர்கிட்ட சாவி. எங்க தெக்கு இத்தாலியில, கலாப்ரியா பக்கம், சாவி கதவுலயேதான் தொங்கும். ஆனா உள்ள ஒரு ஆம்பளை நுழைஞ்சா, கோயில் மணி அடிக்கிறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்.

— நீங்க வர்றது அவங்களுக்குத் தெரியுமா மேடம்?

— மக வீட்டுக்கு வர நாள் குறிச்சுச் சொல்லணுமா? செப்டம்பர் பொறந்தாச்சு, கடைசித் தக்காளி. பாட்டில்ல சாறு அடைச்சுக் குடுக்கலாம்னு வந்தேன்.

— நாலு பெட்டி இருக்கே. லிப்ட் வேற ஓடல. தனியாவா இவ்வளவையும் மாடிக்குத் தூக்கிட்டு வந்தீங்க?

— அந்தோணியார் தெம்பு குடுத்தாரு. ஆமா, ப்ரிஜ்ஜுல எண்ணெயைவிட வெண்ணெய் அதிகமா இருக்கே. வடக்கத்திக்காரங்க மாதிரி வெண்ணெயில சமைக்கிற அளவுக்கு என் மக கெட்டுப்போயிட்டாளா?

— குளிருக்கு நல்லதுங்க. காபி போடுறீங்களா? சர்க்கரை மேல் அலமாரியில, நீல டப்பாவுக்குப் பின்னால இருக்கு.

— குழாய் பாக்க வந்தவனுக்குச் சர்க்கரை இருக்கிற எடம் தெரியுது.

— அந்தச் சுவத்துக்குள்ளதான் மேடம் பைப் போகுது.

— நல்ல பைப்பு. இரு, யாரு அது ஹாரன் அடிக்கிறது? பால்கனியில பாத்துட்டு வர்றேன்.

— சவேரியா, போனை எடுத்தியே, புண்ணியமாப் போச்சு. உங்கம்மா வந்திருக்காங்க. இங்கதான், பால்கனியில. நான் பிளம்பர்னு சொல்லிட்டேன்.

— எத்தோரே, உனக்கு வேற பொய்யே கிடைக்கலையா? எங்கம்மா வீட்டுக் குழாய் ஒழுகாத நாளே இல்ல. எப்ப போன் பண்ணாலும் 'பிளம்பர் வந்திருக்காரு, அப்புறம் பேசுறேன்'னு வச்சிடுவாங்க. அசல் பிளம்பர் எப்படி இருப்பான்னு அவங்களுக்குத் தெரியாதாடா?

— அப்ப உண்மையைச் சொல்லிடட்டுமா? ரெண்டு வருஷமா ஒண்ணா இருக்கோம்...

— சொன்னியானா எனக்கு அம்மாவே இல்லைன்னு வச்சுக்கோ. பெரியம்மா மக ரொசெல்லா மிலான்ல ஒருத்தரோட கல்யாணம் இல்லாம இருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கு, மொதல்ல பேச்சை நிறுத்தினது எங்கம்மாதான். இதோ கிளம்பிட்டேன். நான் வர்ற வரைக்கும் சிங்குக்கு அடியில தலையை விட்டுக்கிட்டு வாயை மூடிட்டு இரு.

— யார்கிட்ட ராசா பேசுற?

— கடையில மேடம். வாஷர் இருக்கான்னு கேட்டேன்.

— இந்தத் தெருவுல வண்டி நிறுத்த எடமே கிடைக்காதா?

— சந்தை நாள்ல கஷ்டம்தான். ஏன் கேக்குறீங்க?

— சும்மா, பொது அறிவுக்கு. ஸ்பேனரை ஏன் ரெண்டு விரலால பிடிக்கிற? குழாய்க்குப் பல்லு பிடுங்கப்போறியா?

— மன்னிக்கணும்.

— டூரின்காரன் பொய் சொன்னாக்கூட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் சொல்வான்னு எங்க ஊர்ல பேச்சு. அதைக் கீழ வச்சிட்டு வா, சாப்பிடு.

— வேணாம் மேடம்.

— ஒரு தடவை வேணாம்னா எங்க ஊர்ல வேணும்னு அர்த்தம். இந்தா ரொட்டி. மேல தடவியிருக்கிறது பன்னிக்கொழுப்பும் மிளகாயும் சேத்து நானே அரைச்சது. தண்ணியைப் பக்கத்துல வச்சுக்கோ.

— தண்ணி எதுக்கு? பிரமாதமா இருக்கு மேடம். இந்தத் தடவை காரம் மட்டும் கொஞ்சம் கம்மி.

— எந்தத் தடவை ராசா?

— இல்ல... பொதுவாச் சொன்னேன்...

— இதைத் தின்னுட்டுக் கண்ணு கலங்காத வடக்கத்தி ஆளை நான் பாத்ததே இல்ல. நீ விரலை நக்குற. என் மக சின்னப் புள்ளையிலேருந்து இதைத் தொட மாட்டா, வயித்துக்கு ஆகாது. ஆனா பார்சல் போட்ட மறுவாரமே 'தீந்துபோச்சு, இன்னும் அனுப்பு'ங்கிறா. எலியா தின்னுது?

— நான்தான் தின்னேன். என் பேரு எத்தோரே. பல் டாக்டர். ரெண்டு வருஷமா இந்த வீட்டுலதான், சவேரியாவோட இருக்கேன். கல்யாணம் ஆகல.

— ஆகியிருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பீங்களே.

— அவளைத் திட்டாதீங்க. ஞாயித்துக்கிழமை உங்ககூடப் பேசி முடிச்சதும் அவ முகம் எப்படி மலர்ந்திருக்கும்னு நீங்க பாத்ததில்ல, நான் பாத்திருக்கேன். என்னால அவளுக்கு அம்மா இல்லாமப் போனா என்னால தாங்க முடியாது. நீங்க சொன்னா இன்னிக்கே பெட்டியைக் கட்டிடுறேன்.

— உக்காரு. மொதல் தடவை தின்னப்ப அழுதியா?

— அழுதேன் மேடம். ரெண்டாவது தடவையும் அழுதேன். அவ ஊர் ருசி எனக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு விடாமத் தின்னேன்.

— பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூடத் தெரியாத இந்த ஊர்ல, என் மக தனியாத் தின்னுட்டுத் தனியாத் தூங்குறாளேன்னு நான் படாத வேதனை இல்ல. பெட்டியெல்லாம் கட்ட வேணாம். இனிமே அம்மான்னே சொல்லு.

— அப்ப அவமேல கோவம் இல்லையாம்மா?

— கோவப்படுற எடத்துல நான் இல்ல ராசா. நீ ஒரு உதவி பண்ணணும். சவேரியா வந்ததும் அவகிட்ட ஒரு விஷயத்தைப் பதமாச் சொல்லணும். அவ முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் தெம்பு வரல. பயமா இருக்கு. தக்காளியெல்லாம் சாக்குத்தான். அவ அப்பா கண்ணை மூடி ஏழு வருஷம் ஆச்சுன்னு ஆரம்பி. நடுநடுவுல உன் மன்னிப்பையும் போட்டுக்கோ.

— என்ன விஷயம்மா? இதோ, கீழ மறுபடியும் யாரோ ஹாரன் அடிக்கிறாங்க.

— மொதல்ல போய் அந்த வண்டிக்கு ஒரு எடம் காட்டு. தக்காளியை மாடிக்குத் தூக்கி வச்சிட்டு வெயில்ல சுத்திக்கிட்டு இருக்கான் கோசிமோ. மூணு வருஷமா என் வீட்டுலதான் இருக்கான், கல்யாணம் காட்சி ஒண்ணும் கிடையாது. என் மகளைப் பொறுத்தவரைக்கும் அவன்தான் எங்க பிளம்பர்.