ஆமை அட்டையும் கொசு அட்டையும்

அது இல்ல யக்கா, பச்ச கோடு போட்ட அட்டதான் ஆமை. சிவப்பு கொசு. நீலம் இறா. உங்க மடியில கீறதெல்லாம் ஆமை, கெட்டியா புடிச்சிக்குங்க. திருக்கழுக்குன்றம் ஸ்டாப்புல ஏத்தின ஆடு துள்ளாம இருந்தா உங்களுக்கு இந்த பேஜாரே இல்ல. மூணு டப்பாவும் ஒண்ணா கொட்டிடுச்சி பாருங்க.

இன்னாது, சீட்டுக்கட்டா? ஐய, கம்ப்யூட்டருக்குக்கா! மெட்ராஸ்ல கீது, நம்ம பஸ்ஸு ரெண்ட சேத்து வெச்சா மாதிரி. இந்த பொத்தல் போட்ட அட்டைய முழுங்கிட்டு கணக்கு சொல்லும். செங்கல்பட்டு சாக்கடையில கொசு எப்டி பெருகுது, கோவளம் உப்பங்கழியில இறா எப்டி வளருது, மாபலிபுரம் மணல்ல ஆமை முட்ட எவ்ளோ பொரியுது, மூணு ஆராய்ச்சியும் நான்தான் பாக்கறேன்.

கஷ்டம்தான். ஆனா ஒண்ணு படுத்துக்கிச்சின்னா இன்னொண்ண எழுப்பி வுட்ருவேன். ஆமை முட்ட பொரியறவரைக்கும் கொசு எண்ணுவேன். கொசு இல்லாதப்ப இறாவ எட போட்டுகினு இருப்பேன். சும்மா குந்தினா எனுக்கு ஒடம்புக்கே ஆவாது.

போன வருசம் மிஷின் ரூம்ல யாரோ தட்டி வுட்டு கொசுவும் ஆமையும் கலந்துடுச்சி. ஆமை கடிச்சா ஜொரம் வரும்னு வந்துது கணக்கு. எங்க ஆபீஸ் பெரியவரு உலகநாதன் சாரு, மிஷின் பொய் சொல்லாதுன்னுட்டு, ஆமைக்கு பயந்து மணல்ல கொசுவல கட்டிகினு படுத்தாரு. சிரிக்காதீங்கக்கா, அட்ட சரியுது.

இன்னிக்கு சாயந்தரம் மிஷின்ல எங்க மொற. வுட்டா அடுத்த மாசம்தான். அதுக்குள்ள ஆமைங்க முட்ட போட்டுட்டு போயே போயிடும்.

ஐயோ, கோவளம் வந்துடுச்சி! கொஞ்சம் முன்னால சாஞ்சி என்ன மறைங்க. பந்தல் தெரியுதா? பிரியாணி அண்டா பக்கத்துல கைய ஆட்டி கத்திகினு கீறாரே, அவருதான் எங்க அத்தா, என்ன பெத்தவரு. என்னைத்தான் தேடறாரு. நிக்காஹ் எனுக்குத்தான்.

ஓடிப்போறேனா? சேச்சே! நிக்காஹ் ராத்திரிதானே. அட்டைய குடுத்துட்டு அதுக்குள்ள வந்துடுவேன்.

மாப்ளயா? கடைசி சீட்ட பாருங்க, சரிகை ஷெர்வானி. பஷீருதீன்னு பேரு. மாபலிபுரத்துல ஏறினாரு, என்ன வூட்டுக்கு கூட்டிகினு போவ. எல்லாரும் காத்துகினு கீறாங்கன்னாரு. இந்த கொசுவ மட்டும் அடுக்கி குடுங்கன்னு டப்பாவ நீட்டினேன். வாங்கிக்கினாரு. இப்ப எறங்கணும்ங்கறதே மறந்துட்டாரு. ஒரு அட்டைய கண்ணுல வெச்சிகினு பொத்தல் வழியா கடல பாக்கறாரு, பாருங்களேன்.

தேதியெல்லாம் வூட்ல அவங்களா வெச்சதுக்கா. நேத்து வரைக்கும் நான் சரின்னே சொல்லல. இப்பதான், இதோ, அந்த ஆள பாத்துகினே வரும்போது, மனசுல சரின்னு ஆயிடுச்சி. அவர்கிட்ட கூட இன்னும் சொல்லல. வாய மூடிகினு வர முடியல, அதான் அவரு ஏறினதுலேர்ந்து உங்க காத கடிச்சிகினு கீறேன்.