பழசுல பாக்கி ஒரு நம்பர்

— இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க மேடம். கண்ட்ரோல் ரூம் ஏசியில உக்காந்தா எல்லாம் ஒண்ணு ரெண்டாத் தெரியும்.

— எண்ண என்ன அண்ணே இருக்கு, ஒண்ணேதான். நாப்பது லட்சம் பேரைப் புது நெட்வொர்க்குக்கு மாத்தியாச்சு. பழசுல இந்த ஒரே ஒரு நம்பர் நகர மாட்டேங்குது. நீங்க நிக்கற தெருவுலதான் காட்டுது.

— தெருவுல ஈ காக்கா இல்ல. டவர் ஏறறவனை வீடு வீடாக் கதவு தட்ட விட்டுட்டீங்க. ஒரு தையக்கடை, பூட்டின பல் டாக்டர், அப்புறம் நம்ம பழைய ஆபீஸ். அதையும் காலி பண்ணி ஒரு மாசம் ஆச்சு.

— பன்னெண்டு மணிக்குப் பழசை அணைக்கணும். எம்.டி. பக்கத்து ஹால்ல விருந்தாளிங்களோட நிக்கறார். ஒருத்தரும் பாக்கி இல்லன்னு கையெழுத்துப் போட்டவ நான். நாளைக்கு எவனாவது போன் செத்துப்போச்சுன்னு வந்து நின்னா என் தலைதான் உருளும்.

— யார் பேர்ல இருக்கு?

— அதான் மண்டையக் குடையுது. நம்ம கம்பெனி பேர்லயே இருக்கு. பத்தொம்பது வருஷமா யாரையும் கூப்பிட்டதில்ல, யாரும் அதைக் கூப்பிட்டதும் இல்ல.

— சொல்லப்போனா உத்தமமான கஸ்டமர். இதுவரைக்கும் ஒரு புகார் உண்டா?

— எனக்குச் சிரிப்பு வரல அண்ணே.

— சரி, பழைய ஆபீஸை ஒரு எட்டு பாத்துடறேன், சாவி என்கிட்டதான் இருக்கு. அஞ்சாவது மாடி, ரெண்டே ரூம், மொத்தம் பதினோரு டவர். அப்படி ஆரம்பிச்ச கம்பெனி இன்னிக்குப் பதினாலாயிரம்னு மார் தட்டுது. லிஃப்ட் கூட இன்னும் ஓடுது, ஏறிட்டேன்...

— விட்டு விட்டுக் கேக்குது. அண்ணே? போச்சு, கட்டாயிடுச்சு.

— மேடம், மேடம், கேக்குதா?

— கேக்குது. மேசை போனுக்கு ஏன் வந்தீங்க? பானைக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு.

— இருட்டுல கைக்குக் கிடைச்சதை அமுக்கினேன், நீங்க வந்தீங்க. லிஃப்ட் நடுவழியில நின்னுடுச்சு, லைட்டும் இல்ல. எனக்கு மூடின எடம் ஆகாது மேடம். நூத்தம்பது அடி உசரத்துல உக்காந்து டீ குடிப்பேன், இந்தப் பெட்டிக்குள்ள கதவைப் பிடிச்சுத் தள்ளிட்டு நிக்கறேன்.

— பயப்படாதீங்க. இதோ, பக்கத்துல சொல்லிட்டேன், ஆள் கிளம்பிட்டாங்க. அரைமணியில வந்துடுவாங்க.

— லைனை மட்டும் வெச்சுடாதீங்க. எதையாவது பேசிட்டே இருங்க. என்ன கண்றாவின்னாலும் பரவாயில்ல.

— வெக்க மாட்டேன். மெதுவா மூச்சு விடுங்க. அண்ணே, இங்க இன்னொரு கூத்து. அந்த நம்பர் முழிச்சுக்கிச்சு. யார்கிட்டயோ பேசிட்டிருக்கு.

— யார்கிட்ட?

— அது இங்க தெரியாது. பேச ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. பத்தொம்பது வருஷம் வாயத் தொறக்காம இப்ப என்ன பேச்சு அதுக்கு?

— தெருவுலயும் ஆள் இல்ல. இந்தக் கட்டடத்துல என்னை விட்டா யாரும் இல்ல.

— அப்ப மெஷின்தான் உளறுதா? எம்.டி. கண்ணாடி வழியா வாட்சைத் தட்டிக் காட்டறார். எனக்கு ஒண்ணுமே புரியல அண்ணே. அணைக்கற பட்டனை அழுத்தறதா, வேணாமா?

— தெருத்தெருவா நான் தேடிட்டேன், ஆள் இல்ல. சொல்லப்போனா பேய்க்காக எல்லாம் நெட்வொர்க் நடத்த முடியுமா? எனக்காக யோசிச்சு நீங்க திட்டு வாங்காதீங்க, அழுத்துங்க.

— நிஜமாவா?

— அழுத்துங்க மேடம். நீங்க பேசிட்டே இருந்தாப் போதும், நான் சமாளிச்சுக்குவேன்.

— சரி, அழுத்தறேன்.

— இருங்க, இருங்க. என் செல்லு பாக்கெட்லதான கிடக்கு. அப்ப நான் பேசறது லிஃப்ட் சுவத்துல நாமளே அந்தக் காலத்துல மாட்டின அவசர போன்ல...

— பாக்கி பூஜ்யம்னு வந்துடுச்சு அண்ணே, எல்லாரும் கை தட்டறாங்க. அண்ணே? நான் லைனை வெக்கலயே, அண்ணே?