பறவைகள் எழவில்லை

என் வீட்டு மாடியின் மூலைச் சன்னல் அவ்வளவு பெரிதாக இருப்பது என் தப்பில்லை, ஐயா. கொத்தனார் அளவு தப்பி இடித்துவிட்டார். ஒரு பக்கம் தெரு, இன்னொரு பக்கம் ஏரி, நடுவில் நான். பார்க்காமல் இருக்க நான் என்ன குருடியா?

தெருவில் என்னை ரேடியோ என்பார்கள். நிறுத்துகிற பொத்தான் இல்லாத ரேடியோ. பெயர் வைத்தவள் பக்கத்து வீட்டுத் தையற்காரி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். கோபமில்லை. என் கதைகளைக் கடைசிவரை கேட்டவளும் அவள் ஒருத்திதான். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், "அப்புறம்?" என்பாள்.

ஏரியைத் தூர்த்துச் சாலை போடப்போகும் செய்தியை அவளிடம்தான் முதலில் சொன்னேன். சாலை வந்தால் எங்கள் வரிசை வீடுகள் மொத்தமும் போகும். அந்த நேரத்தில்தான் பறவை அதிகாரி வந்து சேர்ந்தார். உலகமே மதிக்கிற சதுப்பு நிலம் என்று அரசாங்கம் சிலவற்றை அறிவிக்குமாம். எங்கள் ஏரிக்கு அந்தப் பேர் கிடைத்துவிட்டால் ஒரு கூடை மண்கூட எவனும் கொட்ட முடியாதாம். என் சன்னலைப் பார்த்துவிட்டு எனக்கொரு பைனாகுலரும் கொடுத்தார். பறவை பார்க்கத்தான். ஆனால் பறவைகள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், மனிதர்கள்தான் வேடிக்கை.

அந்தப் பேரைக் கொடுக்கலாமா என்று பார்வையிடும் குழு வருவதற்கு முன் அதிகாரி தெருக்கூட்டம் போட்டார்.

"அன்னிக்குக் காலையில யாரும் சத்தம் போடாதீங்க. ஒரு கூச்சல் போதும், மொத்தப் பறவையும் எழும்பிப் போயிடும்."

"அப்ப முதல்ல இவ வாயைத் தைக்கணும்," என்றாள் அக்கா. "நூலு நான் தரேன். ரெட்டைத் தையலாப் போட்டாத்தான் தாங்கும்."

படகுக்காரர் தொடங்கித் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

குழு வந்த காலையில் அக்காவின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு நாணலுக்குள் போய்விட்டது. அது பறவைகளைக் கலைத்துவிடுமே என்று பயந்து அவளே பின்னால் இறங்கினாள். ஆடு சமர்த்தாகக் கரையேறிவிட்டது. அவளைச் சேறு பிடித்துக்கொண்டது. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. எதிர்க்கரையில் குழுவின் வண்டி நின்றது. பைனாகுலரில் அவள் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்திருக்கிறாள்.

அவள் கத்தவில்லை, ஐயா. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கத்தினால் ஏரி போய்விடும் என்று அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். நேராக என் சன்னலைப் பார்த்தாள். நான் அங்கேதான் இருப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா? கையை மெல்ல அசைத்தாள். என்னைக் கண்டுகொண்டதும் லேசாகச் சிரித்தாள், இனி ஆள் வந்துவிடும் என்ற தைரியத்தில்.

சேறு தோளுக்கு ஏறியது. அதற்குப் பிறகு நாணல் மட்டும் ஆடியது. பறவைகள் எழவில்லை.

ஏரிக்குப் பேர் கிடைத்துவிட்டது. வீடுகள் தப்பின. கரையில் "அமைதி காக்கவும்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஊருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சாயங்காலமானால் வாய் நிறையச் செய்தி இருக்கிறது. "அப்புறம்?" என்று கேட்க ஆளில்லை. அவள் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டார்கள்.

சத்தமில்லாமல் காப்பாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். உண்மைதான். படகுக்காரர் என் வாசற்படியில்தான் உட்கார்ந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவர் தோளைத் தொட்டு நாணலைக் காட்டியிருந்தால் போதும், ஓர் இறகுகூட அசைந்திருக்காது. நானும் அதற்காகத்தான் மாடிப்படியில் பாதிவரை இறங்கினேன்.

அவரது வழுக்கைத் தலை கண்ணில் பட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, கூட்டத்தில் முதலில் சிரித்தவர் அவர். திரும்பி மேலே போய்ச் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா சொன்னது சரிதான், ஐயா. ரெட்டைத் தையல் தாங்கியது.